பிரவுன் ஷூ போட்டவர்

நடந்தது எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொன்னவள் எஸ்தர், என் ஹாஸ்டல் ரூமில் பக்கத்துக் கட்டில். அவளும் பார்க்கவில்லை. அவளுக்குச் சொன்னவர் சகாயராணி அம்மா. அவர்தான் அங்கே நின்றவர். இன்னொருத்தி வாய் வழியாகத்தான் என்னிடம் வந்திருக்கிறது. நடுவில் ஏதாவது கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். நான் கூட்டவில்லை. அதற்கு மட்டும் நான் பொறுப்பு.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டது என்ன? ஏன் பையை இப்படிக் கட்டிப்பிடித்திருக்கிறாய், உடம்பு சரியில்லையா என்று. காய்ச்சல் இல்லை அக்கா. தண்ணீர் வேண்டாம், வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு இடத்தில் போய் உட்கார வேண்டியிருக்கிறது, அதுதான். பரீட்சை இல்லை. பரீட்சை என்றால் எனக்குப் பயம் வராது. எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். பரீட்சை எழுதி எழுதித்தான் இந்த ஊர் வரைக்கும் வந்தேன். எழுந்து நின்று பேசு என்றால்தான் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

சிறுவர் கோர்ட் தெரியுமா? கோர்ட் என்று சொல்லக் கூடாது, இளைஞர் நீதிக் குழுமம் என்று சொல்ல வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் ஏதாவது செய்து மாட்டிக்கொண்டால் அங்கேதான் கொண்டுவருவார்கள். நாங்கள் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது. பிள்ளை வரும்போது கூட உட்கார வேண்டும். விசாரணை முடியும்வரை அவர்களை வைத்திருக்கிற கூர்நோக்கு இல்லத்துக்குப் போய் அடித்தார்களா, சாப்பாடு போட்டார்களா என்று பார்க்க வேண்டும். வெளியே விட்ட பிறகு மறுபடி அந்தச் சகவாசத்துக்குப் போகாமல் பள்ளியிலோ தொழிலிலோ சேர்த்துவிட வேண்டும். எங்களுக்கு நிறைய விதி உண்டு. என்ன செய்தாய் என்று நாமாகக் கேட்கக் கூடாது. குற்றவாளி என்ற சொல் வாயில் வரக் கூடாது. பிள்ளையின் பேரை, ஊரை வெளியே சொல்லவே கூடாது. அதனால் இந்தக் கதையில் வருகிற பையனுக்கு மாறன் என்று நானாக ஒரு பேர் வைத்துக்கொள்கிறேன். அது அவன் பேர் இல்லை. இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு.

இன்னொரு விதியும் இருக்கிறது. வினையெல்லாம் அதில்தான் வந்தது. போலீஸ்காரர்கள் அங்கே யூனிஃபார்மில் வரக் கூடாது. பிள்ளைகள் மிரண்டுவிடும் என்று. சாதாரண பேண்ட் சட்டையில்தான் வர வேண்டும். நல்ல விதிதான். யாரும் குறை சொல்ல முடியாது.

அக்கா, மெதுவாகத் திரும்புங்கள். சட்டென்று திரும்பாதீர்கள். டிரைவருக்குப் பின் சீட்டில் ஒருவர், கோடு போட்ட சட்டை. அவர் காலைப் பாருங்கள். ஷூ என்ன நிறம்?

ஒன்றுமில்லை. அப்புறம் சொல்கிறேன்.

சகாயராணி அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற கடை, எஸ்தர் அங்கேதான் வேலை செய்கிறாள். ஜூன் மாதம் வந்தால் வரிசை தெருவில் நிற்கும். அவ்வளவு கூட்டத்திலும் அந்த அம்மா டேப்பை எடுக்க மாட்டாராம். பிள்ளையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார். "தோள் பதினாலு. எழுதிக்கடி" என்பார். எழுதியபடி தைத்தால் சரியாக இருக்கும். ஆளைப் பார்த்ததும் அளந்துவிடுவேன் என்பது அவருக்கு ஒரு பெருமை. இந்தத் தன்னார்வ வேலைக்கும் அந்தப் பெருமையோடுதான் வந்தார். தப்பாகச் சொல்லவில்லை அக்கா, எல்லாரும் ஏதோ ஒரு பெருமையோடுதான் வருகிறோம்.

அந்த வராந்தா பெஞ்சில் பையன்களோடு உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் அவருக்கு ஒரு பாடம் எடுத்தானாம்.

"ஆன்ட்டி, அதோ நீலச் சட்டை. அவரு போலீஸ்."

"எப்படிடா சொல்ற?"

"காலப் பாருங்க. சட்டைய மாத்துவாங்க, ஷூவ மாத்த மாட்டாங்க. ஸ்டேஷன்ல குடுத்த பிரவுன் ஷூ. ஓசி ஷூ இருக்கறப்ப எவன் காசு போட்டு வாங்குவான்?"

அவர் பார்த்தார். உண்மைதான். நீலச் சட்டைக்கு பிரவுன் ஷூ, கட்டம் போட்ட சட்டைக்கும் பிரவுன் ஷூ, டீ ஷர்ட் போட்டு வந்த ஒரு எஸ்.ஐ.க்கும் அதே பிரவுன் ஷூ. அன்றிலிருந்து அது அவருக்கும் பையன்களுக்கும் ஒரு விளையாட்டு. யாராவது படியேறி வந்தால் பெஞ்சில் உள்ள எல்லாத் தலையும் குனிந்து காலைப் பார்க்கும். "பிரவுன்!" என்று ஒருவன் சொல்வான். "போடா, இது வக்கீலு" என்று இன்னொருவன் சொல்வான். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாராம். மிரளக் கூடாது என்று வைத்த விதி, பிள்ளைகள் அதில் ஒரு ஆட்டம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மாறன் அந்த ஆட்டத்தில் சேரவில்லை. அவன் யாரோடும் பேசவில்லை. சைக்கிளில் கஞ்சாப் பொட்டலம் கொண்டுபோகும்போது பிடித்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவன், கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கும். யார் கொடுத்த பொட்டலம் என்று கேட்டால் தரையைப் பார்ப்பான். சகாயராணி அம்மா இல்லத்துக்குப் போகும்போதெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்வி கேட்கவில்லை. கிழிந்த சட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவனே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான். அப்புறம் ஒரு நாள் வாயைத் திறந்தான்.

துரைக்கண்ணு என்று ஒரு ஆள், பொட்டலம் கொடுத்தனுப்புகிறவன். இனிக் கொண்டுபோக மாட்டேன் என்று சொன்ன பையன் ஒருவனை அவன் என்ன செய்தான் என்பதை மாறன் பார்த்திருக்கிறான். அதை நான் சொல்லவில்லை. எஸ்தரும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"இத அங்க சொல்லணும்டா கண்ணு" என்றார் அந்த அம்மா.

"சொன்னா வருவாரு ஆன்ட்டி."

"வரட்டும். நான் இருக்கேன்ல?"

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவன் மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னான். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். துரைக்கண்ணு தலைமறைவு. பையனை இந்த ஊரில் வைத்திருப்பது ஆபத்து, வேறு ஊரில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பலாம், அங்கே ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம் என்று முடிவானது. பெரியம்மாவுக்கு வர முடியவில்லை, இடுப்பில் ஆபரேஷன். ஆகவே ஒரு போலீஸ்காரர் மஃப்டியில் வந்து பஸ்ஸில் அழைத்துப்போய் விடுவது, அதுவரைக்கும் சகாயராணி அம்மா அவனோடு இருப்பது என்று ஏற்பாடு.

அன்றைக்கு மழை. காலையில் பிடித்த மழை விடவில்லை. மற்ற வேலை எல்லாம் முடிந்து ஆள்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். வராந்தாவில் அந்த அம்மாவும் மாறனும்தான். மாறன் கையில் ஒரு துணிப்பை, அந்த அம்மா தைத்துக் கொடுத்தது. புதுச் சட்டையும் அவர் தைத்ததுதான். தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வர வேண்டிய போலீஸ்காரர் தவசி என்று பேர். அந்த அம்மா அவரைப் பார்த்ததில்லை.

அப்போது ஒருவர் படியேறி வந்தார். ஒட்ட வெட்டிய முடி. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவின் ஓரத்தில் நின்று மழையைப் பார்த்தார். சகாயராணி அம்மாவின் கண் பழக்கப்படி கீழே போனது.

பிரவுன் ஷூ.

"பையன் இவன்தானே?" என்றார் வந்தவர்.

"ஆமா சார். உங்களத்தான் பாத்துட்டிருக்கேன். எவ்ளோ நேரம்!"

"மழை."

"பெரியம்மா வீடு தெரியுமா சார், சொல்லிட்டாங்களா?"

"நீங்களே சொல்லிடுங்கம்மா. நல்லதாப் போச்சு."

சொன்னார் அக்கா. ஊர் பேர், இறங்க வேண்டிய இடம், எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்குப் பின்பக்கம், வாசலில் என்ன மரம், எல்லாம் சொன்னார். பெரியம்மா தனியாக இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், பலமாகத் தட்டுங்கள் என்பதுவரை சொன்னார்.

கவனித்தீர்களா? அந்த ஆள் ஒரு பொய் சொல்லவில்லை. நான் போலீஸ் என்று சொல்லவே இல்லை. மழை என்றார், மழை பெய்தது. மீதி எல்லாவற்றையும் இந்த அம்மாவே எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு சுலபம் பாருங்கள். கூப்பிட்டுக்கொண்டு போக வந்தவன் வாயைத் திறக்கவே தேவையில்லை.

மாறன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே விறைத்துப்போய்விட்டான். அவன் கை அந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்தது.

"ஆன்ட்டி..."

"என்னடா? போலீஸ்னா இன்னுமா பயம்? சார் யூனிஃபார்ம் கூடப் போடல பாரு."

"ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னானாம். அதற்கு மேல் வரவில்லை. அந்த ஆள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்துக்கொண்டு மட்டும்தான் நின்றான்.

அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியது தெரியுமா? பையன் நம்மை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறான், அவ்வளவு பாசம் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. முந்தானையில் இருந்து அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். எஸ்தரிடம் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். "ஒவ்வொரு வெரலா எடுத்து விட்டேன்டி. கடைசி வெரல எடுக்கறப்ப அவன் விட்டுட்டான். அவனாவே விட்டுட்டான். என்னைப் பாத்தான் பாரு ஒரு பார்வை."

"போ கண்ணு. நல்லாப் படி" என்று சொல்லி முதுகில் தட்டி அனுப்பினார்.

அவன் போனான். அந்த ஆள் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். ரெண்டு பேரும் ஒரே குடையில் போனார்கள். யார் பார்த்தாலும் மாமாவும் மருமகனும் என்பார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார். காலில் ரப்பர் செருப்பு.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. ஷூ தண்ணில ஊறிப் போச்சு, கழட்டிப் போட்டுட்டு வர நேரமாயிடுச்சு. நான்தான் தவசி. பையன் ரெடியா?"

சகாயராணி அம்மாவுக்கு அவர் முகம் தெரியவில்லையாம். அந்தச் செருப்பு மட்டும்தான் தெரிந்ததாம்.

அக்கா, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? உடனே சொல்லியிருப்பேன் என்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். நானும் ஹாஸ்டல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அதைத்தான் சொன்னேன். அந்த அம்மா சொன்னது வேறு.

"கைய ஒதறிட்டு ஓடிட்டான் சார்."

யோசித்துச் சொல்லவில்லையாம். வாயே சொல்லிவிட்டதாம். சொன்ன பிறகு அதை எடுக்க முடியவில்லை. தவசி தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? இதுங்களுக்குப் போய் புதுச்சட்டை தெச்சுக் குடுத்தீங்களே" என்றார். எல்லாப் பக்கமும் போன் போட்டார். ஓடிப்போன பையனைத் தேடினார்கள் அக்கா. ஒரு ஆளோடு ஒரே குடையில் போகிற பையனை யாரும் தேடவில்லை. அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தார், ஒரு மணியைக்கூட உருட்ட முடியவில்லை.

அப்போதுதான் போன் வந்தது. டவுன் பஸ்ஸில் ஒரு பெண்ணின் செல்போனைத் திருடிய பையனை ஜனங்கள் அடித்து ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறார்கள். பார்த்தால் உங்கள் குழுமத்துப் பையன் என்று.

தவசியோடு அந்த அம்மாவும் போனார். மாறன் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது. புதுச் சட்டையில் தோள் தையல் விட்டுப்போயிருந்தது. அந்த அம்மா உள்ளே வந்ததும் அவன் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தான். இந்தத் தடவை யாரைக் கூட்டி வந்திருக்கிறார் என்று பார்த்தான்.

"ஏண்டா ஓடுன?" என்றார் தவசி.

பையன் அந்த அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா கீழே பார்த்தார்.

"சும்மா" என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்வான்? போன தடவை நம்பிச் சொன்னதன் பலனைத்தான் பார்த்துவிட்டானே. சகாயராணி அம்மா பிரஷர் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டார். அந்த இடத்துக்குத்தான் என்னை எடுத்தார்கள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார் ஒருவர் இதையே வேறு மாதிரி சொன்னார். "ரொம்ப இரக்கம் காட்டாதீங்க. ஒரு பையனுக்கு ஒரு அம்மா சட்டையே தெச்சுக் குடுத்தாங்க. படியெறங்கி ஓடி, நேரா பஸ் ஏறி, முதல் வேலையா செல்போன எடுத்துட்டான்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. இந்தப் பிள்ளைகளைக் கண்டு எனக்குப் பயம் அக்கா. அதையும் மறைக்கவில்லை. பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் உட்காரும்போது பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இப்போது பிடித்திருக்கிறேனே, இதே மாதிரி.

எஸ்தர் சொன்ன அன்றைக்கு எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் கடைக்குப் போனேன். சகாயராணி அம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"எஸ்தர் சொன்னாளா?" என்றார். நிமிரவில்லை.

"ஆமாம்மா."

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க. கடை தெரு மேல இருக்கு. அவன் என் மூஞ்சிய நல்லாப் பாத்திருக்கான். உனக்கு என்னம்மா, நாளைக்கே வேற ஊருக்கு வேலை கெடைச்சுப் போயிடுவ."

"அம்மா, பெரியம்மா வீடு எங்கன்னு துரைக்கண்ணுக்குத் தெரியும்ல?"

கத்தரிக்கோல் நின்றது. அவர் அதுவரைக்கும் அதை நினைக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அல்லது அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாரோ, தெரியாது. எழுந்து வந்தார். என் தோளைத் தொட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தினார். ஷட்டரை இழுத்துவிட்டார். நல்ல பகல் நேரம்.

இன்றைக்குத்தான் மாறனின் விசாரணை. நான்தான் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். கடுமையாக முடிவு செய்தால், மறுபடி மறுபடி செய்கிறவன் என்று சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவார்கள், வருஷக்கணக்கில். ஆனால் அப்படி ஆகாது என்கிறார்கள். மாஜிஸ்திரேட் இரக்கமானவர். நன்னடத்தை அலுவலரும் பையனுக்காகத்தான் பேசப்போகிறார். இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம், பெரியம்மா வீட்டுக்கே அனுப்பலாம் என்று. எனக்கு அந்த இரக்கத்தை நினைத்தால்தான் அதிக பயம். கோயிலுக்குப் பின்பக்கம், வாசலில் மரம், பலமாகத் தட்ட வேண்டும். துரைக்கண்ணு இன்னும் வெளியேதான் இருக்கிறான்.

அக்கா, அவர் எழுந்துவிட்டார். கோடு போட்ட சட்டை. பேசாதீர்கள். இந்தப் பக்கம்தான் வருகிறார். என்னைத்தான் பார்க்கிறார்.

என்னது? உங்கள் வீட்டுக்காரரா?

ஐயோ. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. பையைத்தான் கேட்கிறார், கொடுங்கள், கொடுங்கள். ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டியா? இந்த ஷூ அந்தக் கம்பெனியில் கொடுத்ததா? வணக்கம் சார். ஒன்றுமில்லை சார், சும்மா பேசிக்கொண்டிருந்தோம்.

நீங்கள் சிரிப்பது சரிதான். சிரியுங்கள்.

இதையே அங்கேயும் சொல்லேன் என்கிறீர்கள். உங்களிடம் சொல்வது வேறு அக்கா. அங்கே நின்றால் எனக்கு ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேச வராது. நீ பார்த்தாயா என்று கேட்பார்கள். பார்க்கவில்லை. உனக்கு யார் சொன்னது என்பார்கள். சகாயராணி அம்மா பேரைச் சொல்ல வேண்டும், அவர் இல்லை என்றுவிடுவார். எஸ்தருக்கு வேலை போகும். அந்த ஆளுக்கு என் பேர் தெரிந்துவிடும். எனக்கும் வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், காலேஜில் சேர்த்திருக்கிறோம்.

ஆனால் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. சந்தானம் அப்படி எடுக்கிறவன் இல்லையே. மாறன், மாறன் என்று சொன்னேன். நீங்கள் வேறு எதுவும் கேட்கவில்லை. சரியா? பொட்டலம் சுமந்தவன்தான், ஆனால் அடுத்தவர் பையில் கைவிட்டான் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அதோடு ஒரு கையை அந்த ஆள் பிடித்திருக்கிறான். பிடிபட்டுப் போகிற பையனுக்கு அந்த நேரத்தில் செல்போன் எதற்கு?

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை நானே அந்த பஸ்ஸில் ஏறினேன். குழும வாசலில் ஏறிக் கடைசிவரை போனேன். வழியில் சந்தை நிறுத்தம் இருக்கிறது. கூட்டமான கூட்டம், குதித்தால் ஆளே தெரியாது. அன்றைக்கு மாறன் அங்கே குதிக்கவில்லை. குதித்தால் அந்த ஆளும் குதிப்பான். பையன் காப்பாத்துங்க என்று கத்தினால், திருட்டுப் பய, வீட்டை விட்டு ஓடுறான் என்று அந்த ஆள் சொல்வான். அந்த முடியையும் அந்த ஷூவையும் பார்த்து எல்லாரும் நம்புவார்கள். சகாயராணி அம்மாவே நம்பினாரே. அடுத்தது ரயில்வே கேட். பஸ் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும். அங்கேயும் அவன் ஒன்றும் செய்யவில்லை.

கண்டக்டருக்கு அன்றைக்கு நடந்தது நல்ல ஞாபகம் இருந்தது.

"அவனா? மண்டைக் கொழுப்பும்மா. திருடறவன் எடுத்துட்டு எறங்கி ஓடுவான். இவன் எடுத்துட்டு அப்படியே நிக்கறான். அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா போனத் தூக்கிக் காட்டி, ‘கத்துங்கக்கா, கத்துங்க’ங்கறான். கேலி பண்றான்! நானே ரெண்டு வெச்சேன்."

"கூட யாராவது இருந்தாங்களா சார்?"

"இருந்தான் ஒருத்தன். ரெண்டு டிக்கெட் வாங்கினவன். சனம் சேர்ந்ததும், இந்தப் பையன் யாருன்னே எனக்குத் தெரியாதுன்னுட்டு முன்படில எறங்கிப் போயிட்டான். நல்ல மனுஷன், வம்புல மாட்டக் கூடாதுன்னு போயிட்டான் போல."

"இத வந்து சொல்லுவீங்களா சார்?"

"எனக்கு லீவு குடுக்க மாட்டாங்கம்மா" என்றார். அப்புறம் டிக்கெட் பையைத் தட்டிக்கொண்டே திரும்பினார். "அங்கருந்து ஆள் அனுப்பிக் கூப்புட்டா வந்துதான ஆகணும்" என்றார்.

கூப்பிடச் சொல்ல வேண்டும் என்றால் யாராவது முதலில் எழுந்து வாயைத் திறக்க வேண்டும். நான் சந்தைக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் அக்கா, இப்போதே படிப்பக்கம் போய்விடுகிறேன். கொஞ்சம் காலை நகர்த்திக்கொள்ளுங்கள்.

இதோ, ஜன்னல் வழியாகப் பாருங்கள், எதிர்ப்பக்கம். பச்சை நிழற்குடை தெரிகிறதா? குழுமத்திலிருந்து வருகிற பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் நிற்கிற இடம் அதுதான். பஸ் நின்று கதவு திறந்த பிறகுதான் அவன் போனை எடுத்திருக்கிறான். கண்டக்டர் வாயால் கேட்டது போதாது என்று நானே இறங்கிப் பார்த்தேன். பின்படி போலீஸ் ஸ்டேஷன் கேட்டுக்கு நேராக நிற்கிறது. இறங்கி வைக்கிற முதல் கால் ஸ்டேஷன் வாசல் சிமெண்டில்தான் படுகிறது.